கழிவறைத் தொட்டி ஓடிய இருபத்தாறு மைல்

கிளிஃபர்ட் அன்று காலை மூன்றாவது முறையாகக் கீழ்மாடிக் கழிவறைக்கு ஓடித் திரும்பியபோது, மேலாளர் ட்ரெவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி படிக்கட்டில் நின்றிருந்தார்.

"என்னய்யா இது, மணிக்கு மூணு தடவை ஓட்டம்? ஆளும் துரும்பா இளைச்சுட்டே!"

குடல் அழற்சி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இங்கிலாந்தின் லீட்ஸ் ஊர்க்காரன் அலுவலகத்தில் தன் குடலைப் பற்றிப் பேசுவதைவிட நாண்டுகொண்டு சாவதே மேல் என்று நினைப்பவன். போதாததற்கு, இருக்கையில் இல்லை என்று ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள். மூன்றாவது வந்தால் வேலை காலி.

"மாரத்தானுக்குப் பயிற்சி, ட்ரெவர். அதான் படியில ஏறி இறங்கறேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், பாவி.

தேநீர் நேரத்துக்குள் விஷயம் மாடி முழுக்கப் பரவிவிட்டது. வரவேற்பறை பெரில் நன்கொடைத் தாளோடு வந்து நின்றாள்.

"எந்தச் சங்கத்துக்கு ஓடறே, ராசா?"

இந்த ஊரில் எவனும் சும்மா ஓடுவதில்லை. ஏதாவது ஒரு நோயின் பேரில் நன்கொடை திரட்டித்தான் ஓட வேண்டும். அந்த நேரத்தில் கிளிஃபர்டின் ஞாபகத்துக்கு வந்த ஒரே நோய் அவனுடையதுதான்.

"குடல் அழற்சிக்காரங்க சங்கத்துக்கு."

"ஐயோ பாவம், அந்தச் சனங்க!" என்று உருகிப்போனாள் பெரில்.

மறுநாளே அலுவலகத்தில் நிதி திரட்டக் கேக் விற்பனை. முழங்கால் வலி என்று நழுவப் பார்த்தான். எல்லோரும் காசு போட்டு, முழங்காலை நீவிவிட ஆள் வைத்தார்கள். நன்கொடைக்கு ஓடுகிறவர்கள் வேடிக்கை வேடம் கட்டித்தான் ஓடுவார்கள்; அதற்கு வெட்கமாக இருக்கிறது என்றான். முகம் தெரியாத வேடமாகப் பெரிலே செய்து கொண்டுவந்தாள். ஆளுயர வெள்ளைக் கழிவறைத் தொட்டி.

"மூடியைத் திறந்து மூடலாம் பாரு!" என்று பூரித்தாள்.

ஓட்ட நாளன்று பதினெட்டாவது மைலில் வயிறு முறுக்கியது. பாதையோரத் தற்காலிகக் கழிவறை முன்னால் நாற்பது பேர் வரிசை.

"தயவுசெஞ்சு விடுங்க! எனக்கே அந்த நோய் இருக்கு! அடக்க முடியலை!" என்று தொட்டிக்குள்ளிருந்து கதறினான்.

வரிசை கைதட்டியது.

"என்னமா நடிக்கறான் மனுஷன்!" என்று ஒருத்தி படம் எடுத்தாள்.

ஒருவனும் நகரவில்லை. வரிசையில் முந்துவது இங்கே கொலைக்கு அடுத்த குற்றம். நடிப்பு என்று நினைத்ததால்தான் திட்டாமல் விட்டார்கள்.

மிச்ச எட்டு மைலை அவன் எப்படி ஓடினான் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அட்டை வேடம் மறைத்தது, அவ்வளவுதான். பதக்கம் போட்டபோது விம்மி விம்மி அழுதான். ஆனந்தக் கண்ணீர் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது.

அடுத்த வாரமே மூன்றாவது கடிதம் மேசைக்கு வந்தது. மாரத்தான்தான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்குப் படியில் ஓடுகிறான் என்று ட்ரெவருக்குப் புரியவில்லையாம்.

கிளிஃபர்ட் மானத்தை விட்டான். பணியாளர் பிரிவு அதிகாரி ஃபெலிசிட்டியிடம் போய் உறையை நீட்டினான்.

"எனக்குக் குடல் அழற்சிங்க. நாலு வருஷமா. டாக்டர் கடிதம் இதுல இருக்கு."

ஃபெலிசிட்டி உறையைப் பிரிக்கவேயில்லை. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த, பதக்கத்தோடு நிற்கும் கழிவறைத் தொட்டியின் படத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அந்தப் பாவப்பட்ட சனங்களுக்காக இருபத்தாறு மைல் ஓடின நீங்களே, அவங்க பேரைச் சொல்லி ஏமாத்தலாமா, கிளிஃபர்ட்?"