கைத்தடம் இல்லாத நூற்றுப்பன்னிரண்டு விரிப்புகள்

என்னைத் திட்டும் உரிமையை நான் பிறந்த நாள் முதல் யாருக்கும் விட்டுக்கொடுக்காத அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். உன் மூட்டு வலி, அத்தானின் மதியத் தூக்கம், மாடியிலுள்ள பூந்தொட்டிகள் எல்லாம் சீராக இருக்கும் என்று நம்புகிறேன். அத்தானிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டலாம், ஆனால் முழுவதும் படித்த பிறகு காட்டு. பாதியில் நிறுத்தினால் என் மானம் போய்விடும்.

உன் கடிதம் கிடைத்தது. மூன்றே வரி. "உன்னை நம்பி ஆஸ்பத்திரியில் வாக்குக் கொடுத்தேன். நீ பட்டப்பகலில் வேலையைப் போட்டுவிட்டு முற்றத்தில் துள்ளிக் குதிக்கிறாயாம். ஐம்பத்து நான்கு வயதில் உனக்கு வெட்கமாக இல்லையா?" மூன்றாவது வரி கேள்வி என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. இதை உனக்குச் சொன்னது எதிர்க்கடைத் தையல்காரர் என்று எனக்குத் தெரியும். அவர் ஊசியில் நூல் கோக்கும்போதுகூட என் லாண்டரியைப் பார்த்துக்கொண்டேதான் கோக்கிறார். அவர் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். மீதியை நான் சொல்கிறேன்.

நீ முப்பது வருடம் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரி, நீ ஓய்வு பெற்ற பிறகும் உன் ஒரு வார்த்தைக்காகத்தான் படுக்கை விரிப்புகளை எனக்கு அனுப்பிவருகிறது. அதை நான் ஒரு நாளும் மறந்தவன் இல்லை. மறக்காததுதான் வினையாகிவிட்டது. விரிப்புகள் காலை ஒன்பதரைக்குக் கொடியில் ஏறும், மாலை நான்கு மணிக்குள் மடித்து ஆஸ்பத்திரிக்கு வண்டியேற வேண்டும். நடுவில் ஒன்றிலிருந்து இரண்டு வரை வெயில்தான் வேலை செய்யும், மனிதர்களுக்கு வேலை இல்லை. சாப்பிட்டுவிட்டு இஸ்திரிக்காரர் உள்ளே மேசைக்கு அடியில் படுத்துக்கொள்வார். நாங்கள் 'மின்னல்' என்று கூப்பிடும் வண்டி டிரைவர் (எங்கே போனாலும் எல்லோருக்கும் கடைசியாகத்தான் போய்ச் சேருவார், அதனால் அந்தப் பேர்) செல்போனில் யாரோ சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் மட்டும் உட்கார மாட்டேன். பில் புத்தகத்தில் நாலு வரி எழுதுவேன், ஓடிப்போய் விரிப்பைத் தொட்டுப் பார்ப்பேன், மறுபடி நாலு வரி எழுதுவேன், மறுபடி தொட்டுப் பார்ப்பேன். உன் தம்பி பெண்டாட்டி தலையில் அடித்துக்கொள்வாள். "நீங்க தொட்டுப் பாக்கிறதால துணி சீக்கிரம் காயாதுங்க. அதுக்கு உங்களைத் தெரியவே தெரியாது" என்பாள். பொறுப்பு என்றால் என்னவென்று இவளுக்குப் புரியவில்லையே என்று நான் மனதுக்குள் வருத்தப்படுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் விரிப்புகள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் இரண்டு, அப்புறம் ஐந்து, கடைசியில் தினமும் பதினாறு. கூடவே தலைமை நர்ஸம்மா கைப்பட எழுதிய சீட்டு: "விரிப்புகளில் ஐந்து விரலும் தெரியும்படி கைத்தடங்கள் உள்ளன. மூன்றாம் வார்டில் ஒரு பெரியவர், இதில் ஏற்கெனவே யாரோ இருக்கிறார்கள் என்று படுக்க மறுக்கிறார். அடுத்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்." ஆஸ்பத்திரி வேலை போனால் லாண்டரியை மூட வேண்டியதுதான். அதைவிட, உன் பேர் கெட்டுப்போகும். கெடுத்தவன் எவன் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

கறை பட்ட விரிப்பை மேசைமேல் விரித்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அந்தத் தடத்தின்மேல் கையை வைக்கச் சொன்னேன். இஸ்திரிக்காரரின் கை பெரிசு. மின்னலின் கை பொடிசு. உன் தம்பி பெண்டாட்டி கையை வைத்தாள், சேரவில்லை. நான் உடனே, "வெளியாள் எவனோ சுவரேறிக் குதிச்சு வரான்" என்று முடிவு கட்டி, சுவரில் கண்ணாடிச் சில்லு பதிக்கக் கொத்தனாருக்கு ஆள் அனுப்பக் கிளம்பினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தடத்தின்மேல் வைத்தாள். அச்சு அசலாகப் பொருந்தியது. சின்ன வயதில் நீ கதவைச் சாத்தியபோது நடுவில் மாட்டி வளைந்துபோன என் சுண்டுவிரலின் கோணல்கூட அப்படியே இருந்தது. பில் புத்தகத்துக் கார்பன் தாளின் நீலம் என் கையில் ஒட்டி, கையிலிருந்து ஈர விரிப்புக்குப் போயிருக்கிறது. அக்கா, இத்தனை நாளும் நான் அக்கறையாகத் தொட்டுத் தொட்டுத்தான் வேலையைக் கெடுத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் அழவிடவில்லை. மறுநாளே நடுக்கொடியைக் காலி செய்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு ரப்பர் வளையத்தைக் கொண்டுவந்தாள். "ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் உங்க கைக்கு இதுதான் வேலை. கொடிக்கு இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் அவங்க ரெண்டு பேரும். வளையம் கீழே விழுந்தா அவங்களுக்குப் பாயிண்ட்" என்றாள். நான் பதறிப்போய், "பதினாறு விரிப்பு காயற கொடி அது!" என்றேன். "அந்தப் பதினாறும் உங்களால திரும்பி வந்த விரிப்புதானே? அது வரலேன்னா கொடி எதுக்கு?" என்றாள். முதல் நாள் வளையம் என் நெற்றியில் விழுந்தது, இரண்டாம் நாள் மூக்கில். மூன்றாம் நாள் இஸ்திரிக்காரர் அடித்ததை ஒற்றைக் கையில் எட்டிப் பிடித்தேன் பார், நான் கத்திய கத்தலில்தான் தையல்காரருக்கு ஊசி குத்தியிருக்க வேண்டும். அக்கா, உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சத்தம் என் தொண்டையிலிருந்து வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்றே எனக்குத் தெரியவில்லை. மேசைக்கு அடியில் படுத்தவர் இப்போது படுப்பதில்லை. மின்னல் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்கிறார். இரண்டு மணி அடித்ததும் எல்லோரும் கை கழுவிவிட்டு வேலைக்குத் திரும்புகிறோம், முன்பு நான்கு மணிக்கு மூச்சு வாங்க வாங்க முடிந்த மடிப்பு வேலை இப்போது மூன்றரைக்கே முடிந்துவிடுகிறது. திரும்பி வந்த விரிப்பு ஒன்றுகூட இல்லை.

அப்படியே ஒரு மாதம் போயிற்று. போன வியாழக்கிழமை ஒன்றேகாலுக்கு, ஆட்டம் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது என்று நிற்கும்போது, நான் தண்ணீர் குடிக்க முன்னறைக்கு வந்தேன். தலைமை நர்ஸம்மா வெள்ளை உடுப்பில், கையில் ஃபைலோடு நிற்கிறார்கள். "ஒரு மாசமா ஒரு கறைகூட இல்லை. சோப்பு மாத்தினீங்களா?" என்றார்கள். வேலை நேரத்தில் வளையம் எறிகிறோம் என்று ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது? "ஆமாம்மா, புது சோப்பு" என்று சொல்லித் தொலைத்தேன். "என்ன பேர்?" என்று பேனாவைத் திறந்தார்கள். "இன்னும் பேர் வைக்கலைம்மா" என்றேன். அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து முற்றத்திலிருந்து உன் தம்பி பெண்டாட்டி, "தண்ணி குடிக்கப் போனீங்களா, கிணறு வெட்டப் போனீங்களா? சர்வீஸ் நம்மளது!" என்று கூவினாள்.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கார்பன், கைத்தடம், வளையம், சோப்பே இல்லை, எல்லாம். அவர்கள் நேராக முற்றத்துக்குப் போய், ஒரு துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, "ஆடுங்க. பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றார்கள். உலகத்தில் அவ்வளவு பயந்துகொண்டு யாரும் விளையாடியிருக்க மாட்டார்கள். மின்னல் சர்வீஸ் போடும்போது, "மேடம், போடலாமா?" என்று கேட்டுவிட்டுப் போட்டார். பாயிண்ட் இருபதுக்கு இருபது. இஸ்திரிக்காரர் உயரமாகத் தூக்கி அடித்தார், நான் அண்ணாந்து பார்த்துப் பின்னாலேயே போனேன், வளையத்தைப் பிடித்தேன். பிடித்த அதே நொடியில் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது.

மழை! முன்பெல்லாம் மழை வந்தால் மேசைக்கு அடியில் இருப்பவரை எழுப்பி, செல்போனிலிருந்து ஒருவரைப் பிய்த்தெடுத்து வெளியே கொண்டுவருவதற்குள் பாதி விரிப்பு நனைந்துவிடும். மறுபடி அலசி, மறுபடி காயப்போட்டு, நான்கு மணி வண்டி ஆறு மணிக்குப் போகும். அன்றைக்கு எல்லோரும் முற்றத்திலேயே, உடம்பு சூடாக, கால் தயாராக நின்றுகொண்டிருந்தோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இஸ்திரிக்காரர் இரண்டு கொடியை ஒரே இழுப்பில் காலி செய்தார். மின்னல் ஓடினார் அக்கா, மின்னல் ஓடினார்! நான் முழங்கையில் வளையத்தை மாட்டிக்கொண்டு, கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு பறந்தேன். நர்ஸம்மா உட்கார்ந்திருந்த கூடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "இங்கே போடுங்க, இங்கே!" என்று எங்களோடு சேர்ந்து ஓடினார்கள். ஏழு கொடி, நூற்றுப்பன்னிரண்டு விரிப்பு, ஐந்தே நிமிடம். கடைசி விரிப்பு உள்ளே வந்த பிறகுதான் மழை கொட்டியது. தையல்காரர் காயப்போட்டிருந்த நாலு சட்டையும் தொப்பலாக நனைந்தன. அவர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

வண்டி மூன்றே முக்காலுக்குக் கிளம்பியது. நர்ஸம்மா விரிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அடியில் தாங்களாகவே ஒரு வரி சேர்த்தார்கள்: "மதியம் ஒன்று முதல் இரண்டு வரை ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் லாண்டரிக்குப் போன் செய்யக் கூடாது." போகும்போது இஸ்திரிக்காரர், "மேடம், அவர் வளையத்தைத் திருப்பி எறியாம கையிலேயே வெச்சிருந்தாரு, ஃபவுல்" என்று புகார் செய்தார். "கீழே விழலை இல்ல? பாயிண்ட் அவருக்குத்தான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். அப்புறம் என்னிடம், "உங்க அக்காகிட்ட சொல்லுங்க, அவங்க சொன்ன வார்த்தை வீண் போகலேன்னு" என்றார்கள். அக்கா, இதை எழுதும்போது என் நெஞ்சு விம்முகிறது. உன் பேரைக் காப்பாற்றிவிட்டேன், துள்ளிக் குதித்தே காப்பாற்றிவிட்டேன்.

ஆகவே வேலைக்கு ஒரு நேரம், விளையாட்டுக்கு ஒரு நேரம் என்று பிரித்து வாழும் பக்குவம் உன் தம்பிக்கு வந்துவிட்டது. எந்த நேரத்தில் எதை விட வேண்டும் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். நீயும் அத்தானும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் இருக்க வேண்டும். சாயங்காலம் ஒரு மணி நேரமாவது அந்தப் பூந்தொட்டிகளை விட்டுவிட்டு வெளியே போய்விட்டு வா. உன் கைக்கு வளையம் ஒன்று தனியாக அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் திட்டுகளுக்கு என்றும் பாத்தியப்பட்ட தம்பி

பின்குறிப்பு: நீ வேறு யார் மூலமாவது கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்துக்கு வருகைப் பதிவேடு வைத்தேன். பாயிண்ட்டுகளை மூன்று பிரதி எடுத்தேன். சனிக்கிழமை இரண்டு நிமிடம் தாமதமாக வந்த இஸ்திரிக்காரரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டேன். அதனால் இந்த வாரம் முழுவதும் ஒன்றிலிருந்து இரண்டு வரை நான் ஆட்டத்துப் பக்கமே வரக் கூடாது, உள்ளே உட்கார்ந்து ஏதாவது உருப்படியான வேலை செய்ய வேண்டும் என்று உன் தம்பி பெண்டாட்டி உத்தரவு போட்டிருக்கிறாள். இந்தக் கடிதம் அப்படி எழுதியதுதான். வெளியே ஒரே சிரிப்பாக இருக்கிறது. இதோ, ஜன்னலில் அவளே வந்து நிற்கிறாள். "மின்னலுக்குக் கால் பிசகிடுச்சு, ஒரு ஆள் குறையுது. நோட்டை வெச்சுட்டு வாங்க" என்கிறாள். நோட்டை வைத்துவிட்டேன். பேனாவையும் வைக்கச் சொல்