நான் மட்டம் பார்த்த கேரம் போர்டு

பிள்ளைக்குப் பரீட்சை, போட்டி என்று ஏதாவது வந்துவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. சும்மா இருந்திருந்தால் என் மகள் ரெஜினா அந்த வருடமே மாவட்டப் போட்டிக்குப் போயிருப்பாள்.

ஆவூர் மாதா கோயில் மன்றத்தில் கேரம் இறுதி ஆட்டம். ரெஜினாவும் கீரனூர்ப் பெண் ஒருத்தியும் மோத வேண்டும். ஜெயிப்பவள் மாவட்டத்துக்குப் போவாள். மன்றத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால் போர்டும் அதன் ஸ்டாண்டும் ஒரு வாரம் எங்கள் வீட்டுப் போர்டிகோவில் இருந்தன. பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். (யாரும் கெஞ்சவில்லை.)

ரெஜினா பழகும்போது காய்கள் கேட் பக்கமே சறுக்குவதைக் கவனித்தேன். பகீர் என்றது. அடுத்த தெருக் கொத்தனார் ஆரோக்கியத்திடம் ரசமட்டத்தை இரவல் வாங்கி வந்து போர்டின் மேல் வைத்தேன். குமிழி நடுவில் நிற்காமல் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"அவளே ஒண்ணும் சொல்லல, நீ ஏன் அதப் போட்டு நோண்டுற?" என்றார் என் கணவர்.

"நீங்க பேசாம இருங்க. நான் கணக்கு டீச்சர்."

கேட் பக்கத்துக் கால்கள் இரண்டுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து, குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை சீவிச் சீவிச் சரிசெய்தேன். அதோடு விட்டிருக்கலாம். கட்டை நழுவிவிட்டால் என்ன செய்வது? ஸ்டாண்டைக் கவிழ்த்து, இருப்பதிலேயே நீளமான ஆணிகளை எடுத்து அடித்துவிட்டேன். காலுக்கு நாலு.

போட்டியன்று போர்டும் ஸ்டாண்டும் மன்றத்துக்குத் திரும்பின. நடுவர் போர்டருகே குனிந்து கண்ணைச் சுருக்கினார்.

"மட்டம் பாத்தாச்சுங்க. யாரும் தொட வேணாம்" என்றேன். அதற்குமேல் டீச்சரிடம் யார் பேசுவது?

ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிடம் ரெஜினா என் பக்கம் திரும்பினாள். "அம்மா, காயெல்லாம் எங்கிட்டயே வருதும்மா."

"பயத்துல அப்படித்தான்டி தெரியும். மாதாவ நெனச்சுட்டு அடி."

நினைத்துக்கொண்டுதான் அடித்தாள். காய் பாதி தூரம் போய், யோசித்து, வளைந்து, அவளையே தேடி வந்தது. அவள் கோட்டுக்குப் பின்னால், அடிக்கவே வாகில்லாத இடத்தில் காய்கள் குவிந்தன. எதிரே இருந்த கீரனூர்ப் பெண்ணுக்கு அவையெல்லாம் நேருக்கு நேர். சுண்டினாள், விழுந்தது. முதல் ஆட்டம் போயிற்று. இரண்டாவதும் பாதி போனபோது கூட்டத்திலிருந்து ஆரோக்கியம் எழுந்து வந்து ஸ்டாண்டின் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"டீச்சர், இத எங்க வச்சு மட்டம் பாத்தீங்க?"

"எங்க வீட்டுப் போர்டிகோவுலதான்."

"சரியாப் போச்சு! மழத்தண்ணி வெளிய ஓடட்டும்னு அந்தத் தரைய கேட் பக்கம் சரிவா போட்டதே நாந்தானங்க! இங்க தரை சமமாவுல்ல கெடக்கு?"

மன்றமே சிரித்தது. ஃபாதர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆணியைப் பிடுங்கப் பார்த்தார்கள். நான் அடித்த ஆணி வருமா? கால்தான் பிளந்தது. கடைசியில் போர்டைத் தரையில் வைத்து ஆட்டத்தை முடித்தார்கள். ரெஜினா விடாமல் ஆடியும் மூன்று காயில் தோற்றாள்.

திரும்பி நடக்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: "பப்ளிக் பரீட்சைக்கு என் பெஞ்சுக்கும் ஆணி அடிப்பியாம்மா?"

அப்பாவும் மகளும் வீடு வரும்வரை சிரித்தார்கள்.

மறு வருடம் அவள் மாவட்டத்துக்குப் போய்விட்டாள். (அந்த வாரம் முழுக்க நான் எதையும் தொடவில்லை.) ஆனால் மன்றத்தில் அன்றிலிருந்து ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் மைக்கில் ஓர் அறிவிப்பு உண்டு: "கணக்கு டீச்சர் போர்டுலேருந்து பத்தடி தள்ளி உக்காரும்படி அன்போட கேட்டுக்கிறோம்."

இந்த வருடம் அதை மைக்கில் வாசித்தவள் ரெஜினா. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், பத்தடிக்கு அப்பாலிருந்து.