பாதியில் ஏறும் வித்தை

வீட்டுக்கு ஒரு டிக்கெட் நிபுணர் உண்டு. உங்கள் வீட்டில் இல்லையா? இருங்கள், கடைசியில் சொல்கிறேன். அவர் மொத்தம் மூன்று தடவை விமானம் ஏறியிருப்பார், ஆனால் யாராவது வெளியூர் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வந்து, போனைப் பிடுங்கிப் பார்த்து, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று தலையில் அடித்துக்கொள்வார். நேராக டிக்கெட் எடுப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

நம் குழாய்க்கடைக்காரர் இந்த இனத்தின் அசல் வித்து. மகளுக்குத் தலைப்பிரசவம். அவள் இருப்பதோ இரண்டு விமானம் மாறிப் போகிற தூரம். "அம்மா பக்கத்துல இருந்தா போதும்ப்பா" என்று தினமும் போனில் அழுகிறாள். மனைவிக்கு டிக்கெட் எடுக்கும் பொறுப்பை இவர் இன்னொருவருக்கு விடுவாரா? கல்லாமேல் கிடந்த குழாய் வளைவுத் துண்டுகளை ஒதுக்கிவிட்டு இரண்டு நாள் போனும் கையுமாக உட்கார்ந்தார். விமானம் மாறுகிற ஊரில்தான் மனைவியின் தம்பி வீடு; போகிற வழியில் அங்கே நாலு நாள் தங்கிப் போக அம்மாளுக்கு ஆசை. அங்கிருந்து மட்டும் போகிற டிக்கெட் விலை அதிகம். நம் ஊரில் ஏறி, அங்கே மாறிப் போகிற டிக்கெட் மலிவு. இது என்ன கூத்து என்று நீங்களும் நானும் தலையைச் சொறிவோம். அவருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"நாலு நாள் முன்னாடியே ரயில்ல போயி உன் தம்பி வீட்டுல இரு. முதல் விமானத்தை விட்டுடு. ரெண்டாவதுல ஏறிக்கோ."

"ஏறாம விட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சீட்டு நம்மளது, எங்க ஏறினா அவங்களுக்கென்ன? குழாய் லைன் மாதிரிதான். நடுவுல எங்க வேணும்னாலும் திறந்துக்கலாம்."

"எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"முப்பது வருஷமா லைன் போடுறவன்கிட்டயா சொல்றே?"

அம்மாள் ரயிலில் போனார், தம்பி வீட்டில் தங்கினார், விமான நிலையத்துக்கும் போனார். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "முதல் விமானத்துக்கு நீங்க வரலையேம்மா. அதனால மீதி டிக்கெட்டும் ரத்தாயிடுச்சு. வரிசையாத்தான் ஏறணும்." அன்றைக்கு வேறு விமானத்தில் இடமும் கிடையாது. இனி இரண்டு நாள் கழித்துத்தான், அதுவும் புது டிக்கெட் எடுத்து.

அம்மாள் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதார். பிறகு கணவருக்குப் போன் போட்டார்.

"அந்தப் பொண்ணுக்குச் சட்டம் தெரியல. மேனேஜரைக் கூப்பிடு" என்றார் நிபுணர்.

"முதல் குழாயை நீங்களே மூடிட்டீங்க. கடைசிக் குழாயில தண்ணி எப்படிங்க வரும்?"

நிபுணர் போனை வைத்துவிட்டு, ஒதுக்கிவைத்த குழாய்த் துண்டுகளை மறுபடி அடுக்கத் தொடங்கினார்.

அம்மாள் போய்ச் சேர்வதற்கு முந்தின நாளே பேத்தி பிறந்துவிட்டாள். மகள் தனியாகவே வலி தின்று பெற்றாள். கடைக்கு வருகிறவர்களிடம் நம்மவர் இன்றைக்கும் சொல்கிறார்: "டிக்கெட்ல தப்பே இல்ல. குழந்தைதான் கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு."

சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் படிக்கும்போதே, "அடடா, இதுக்கு வேற ஒரு வழி இருக்கே" என்று உங்கள் வாய் முணுமுணுத்ததே, அது எனக்குக் கேட்காமலா போகும்? அந்தப் போனை மெதுவாகக் கீழே வையுங்கள். உங்கள் வீட்டாராவது நேராகப் போய்ச் சேரட்டும்.