எஞ்சினுக்குள் கிளிஞ்சல்

லைட்ஹவுஸ் குப்பத்தில் எந்த எஞ்சினுக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும், அது அந்த எஞ்சினுக்கே தெரிவதற்கு முன்னால் காந்தத்துக்குத் தெரிந்துவிடும். காந்தம் என்பது ஒரு ஆள். ஃபைபர் படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அவர் மனைவியே "இந்தக் காந்தத்தைக் கட்டிக்கினு நான் படற பாடு" என்றுதான் புலம்புவார் என்பதால் நானும் விசாரிக்கவில்லை.

பெயருக்குக் காரணம் டிரெயின் பிளக். பழைய ஆயிலை இறக்குவதற்காக எஞ்சினின் அடியில் ஒரு போல்ட் இருக்குமே, அதுதான். அதன் நுனியில் துளை போட்டு ஒரு சின்னக் காந்தத்தைப் பதித்துவிடுவார். உள்ளே தேய்கிற இரும்பெல்லாம் ஆயிலோடு சுற்றி வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். ஆயில் மாற்றும்போது பிளக்கைக் கழற்றி, ஒட்டியிருப்பதைப் பேப்பரில் வழித்து, பூதக்கண்ணாடியில் பார்த்துத் தீர்ப்பு சொல்வார்.

"மாவு மாரி இருந்தா ஆயுசு கெட்டி. செதில் செதிலா வந்தா ஆஸ்பத்திரி. துண்டா வந்துச்சுன்னா சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிடு!"

இந்த மூன்று வரியைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.

குப்பத்து எஞ்சின்களுக்கெல்லாம் பிளக் வைத்த பிறகும் மனிதரின் கை சும்மா இருக்கவில்லை. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஸ்பீக்கர் காந்தம். அன்போடு யாரையாவது கட்டிப் பிடித்தால், அவருடைய சாவிக்கொத்து இவர் மார்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒரு காதுகுத்து விருந்தில் மீன் குழம்பு வந்ததும், நூலில் கட்டிய காந்தத்தைக் கிண்ணத்துக்குள் இறக்கினார். வீட்டுக்கார அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"இன்னாத்துக்குயா என் கொழம்புல இரும்பை வுட்ற?"

"தூண்டி முள்ளு கீதான்னு பாக்கறேம்மா."

பந்தியே சிரித்தது. நூலை இழுத்தார். நுனியில் நிஜமாகவே ஒரு தூண்டில் முள். அத்தனை பேரும் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தம்மா வீட்டில் விசேஷம் என்றால் சமையல்காரருக்கு முன்னால் காந்தத்துக்குத்தான் ஆள் போகும்.

பிளக் விஷயத்தில் அவர் அரிச்சந்திரன். அவருடைய சொந்த மச்சான் தன் படகு எஞ்சினைச் சுண்ணாம்புக்குளத்து ஆளுக்கு விற்கப் பார்த்தார். "மாமா, அந்த பிளக்கைக் கொஞ்சம் தொடச்சிட்டுக் காட்டேன்" என்று கெஞ்சினார். காந்தம் துடைக்கவில்லை. "செதில் வருது நைனா, வாங்காத" என்று வாங்க வந்தவரிடமே சொல்லிவிட்டார். மச்சான் அதற்குப் பிறகு இரண்டு பொங்கலுக்கு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

நான் அப்போது குப்பத்துக்குப் பக்கத்தில் பழவேற்காட்டில் அறிவியல் வாத்தியார். காந்தப் பாடம் வந்தால் வகுப்பையே குப்பத்துக் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போவேன். அங்கே கிடக்கும் கறுப்பு மணலில் காந்தத்தைப் புரட்டினால் தாடி முளைத்த மாதிரி மணல் ஒட்டிக்கொள்ளும். காந்தத்தை இரவல் கொடுப்பவர் நம் காந்தம்தான். கொடுத்துவிட்டுப் போகாமல் கடைசி வரிசையில் நின்று வாயைப் பிளந்து பார்ப்பார்.

என்னிடம் ஒரு வயதான அம்பாசிடர் இருந்தது. கல்யாணத்தின்போது என் மாமனார் பெண்ணோடு சேர்த்து அதையும் என் தலையில் கட்டியிருந்தார். குப்பத்துக்கு வந்துபோகும் ஒரே பழைய கார் என்பதால் காந்தத்துக்கு அதன்மேல் உயிர். அதற்கும் காந்த பிளக் வைத்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காருக்கு அடியில் படுத்திருப்பார், நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஊர்க்கதை அத்தனையும் காருக்கு அடியிலிருந்துதான் வரும்.

சென்னைக்கு மாற்றல் வந்தது. பார்த்திருந்த வீட்டில் ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லை. வண்டியை விற்கப் போகிறேன் என்றதும் காந்தத்தின் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப இனிமே இந்தப் பக்கம் வரமாட்டே?"

"பஸ் இருக்கேய்யா, வருவேன்."

"பஸ்சுல யார் சார் வர்றாங்க" என்று ஸ்பேனரைத் தேடப் போய்விட்டார். ஸ்பேனர் அவர் சட்டைப் பையில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

பழைய கார்களைச் சேர்க்கும் ஒரு பணக்காரர் சென்னையிலிருந்து வந்தார். காந்தத்தின் நேர்மை அவர் காது வரை போயிருந்தது. "அவர் பிளக்கைக் கழற்றிக் காட்டட்டும், இப்போதே வாங்கிக்கொள்கிறேன்" என்றார். எனக்குப் பரம நிம்மதி. போன மாதம்தான் பிளக்கில் மாவு மாதிரி வந்து, "இன்னும் நாப்பது வருஷம் ஓடும் சார்" என்று காந்தம் சொல்லியிருந்தார்.

காந்தம் காருக்கு அடியில் போனார். வெளியே வந்து பிளக்கை நீட்டினார். அதன் நுனி தெரியவில்லை. கம்பளிப்பூச்சி மாதிரி கறுகறுவென்று எதுவோ அப்பியிருந்தது. ஒரு மணி நேரம் பேசுகிற மனிதர் அன்று வாயே திறக்கவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டார். பணக்காரர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

வழித்த பொடியைப் பேப்பரில் மடித்து, வண்டி விலைபோகாததற்குச் சாட்சியாக என் மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் விரலால் கிளறினாள்.

"ஏங்க, எஞ்சினுக்குள்ள கிளிஞ்சல் எப்படிங்க போச்சு?"

நகக்கண் அளவு கிளிஞ்சல், வெள்ளை வெளேரென்று. கிளிஞ்சல் கலந்த அந்தக் கடற்கரைக் கறுப்பு மணலை வைத்து வருஷா வருஷம் பாடம் நடத்திய வாத்தியார் நான். வெட்கமாக இருந்தது. மறுநாள் காலையில் நேராகக் குப்பத்துக்குப் போனேன்.

"கிளிஞ்சல் எப்படிய்யா வந்துச்சு?"

"பழைய வண்டி சார். உள்ள இன்னா வேணா இருக்கும்."

"பொய் சொல்ல ஆரம்பிச்சிட்டியா?"

பதறிப்போனார். "நான் எங்க சார் பொய் சொன்னேன்? பிளக்கை நீட்டுனேன். ஒரு வார்த்தை பேசலையே! அந்த மணலு காந்தத்துல ஒட்டும்னு நீதான சார் பாடம் எடுத்தே?" என்றவர், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "வண்டி கைவுட்டுப் பூட்டா நீ வரமாட்டே சார்" என்றார்.

வண்டியை விற்கவில்லை. சென்னையில் ஒரு தெருவோரமாக நிற்கிறது. அது ஓடுவதே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்கு வந்துபோகத்தான். காந்தம் அடியில் படுத்து ஆயிலை இறக்குகிறார். புது ஆயிலின் தேன் நிறம் மாறாமல் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு, "ரொம்பக் கறுத்துப் பூட்ச்சு சார், அடுத்த மாசமும் கொண்டாந்துடு" என்கிறார்.

"ஆமாய்யா, ரொம்பக் கறுத்துப் போச்சு" என்று நானும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.