இலவச மென்பொருளும் உஷார் சாரும்

மைசூரில் பயத்தை முழுநேர வேலையாகப் பார்த்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பெற்றோர் வைத்த பெயர் சம்பள ரசீதோடு சரி. ஆபீஸுக்கும், கீழே இருந்த காபித்தூள் கடைக்கும், அக்ரஹாரத்துத் தெருநாய்களுக்கும்கூட அவர் உஷார் சார். லிஃப்டில் ஏறமாட்டார், கயிறு அறுந்துவிடும். படியேறும்போது சுவரைத் தொடமாட்டார், ஈரச்சுவரில் கரண்ட் இருக்கும். ஃபேனுக்கு நேர் கீழே யாராவது உட்கார்ந்தால், கடைசியாகப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்.

தொழிற்சாலைகளுக்கு இரும்புக் கொட்டகை போட்டுத்தரும் சின்ன நிறுவனம் எங்களுடையது. நான் வேலைத்திட்டம் போடுகிறவள். கம்ப்யூட்டரும் சைட் பாதுகாப்பும் உஷார் சார் பொறுப்பு. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரர், என்னை 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவார்.

எந்த வேலை முடிந்தது, எது பாக்கி என்பதையெல்லாம் ஃபோன் குரூப்பில் போட்டுப் போட்டுத் தொலைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் முதலாளி வந்தார். கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழ் பேசுவார், பாதி வழியில் தாய்மொழி ஏறிக்கொள்ளும்.

"ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்டுக்கு ஃப்ரீயாவே எவ்ளோ சாஃப்ட்வேர் இருக்கு! ஒண்ணு செலக்ட் மாடி சார், செலக்ட் பண்ணுங்க."

உஷார் சார் முகம் வெளுத்தது. "சும்மா குடுக்கறானா? எதுக்குங்க குடுக்கறான்?"

முதலில் வந்தது, பார்க்க மிட்டாய்க் கடை மாதிரி இருந்த ஒன்று. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வண்ண அட்டை, விரலால் தள்ளினால் 'முடிந்தது' பக்கம் போய்ப் பச்சையாகிவிடும். ஆனால் குறைந்த ஆட்களுக்குத்தான் இலவசம்.

"ஆள் கூடினா?"

"காசு கேப்பாங்க சார்."

அன்றிலிருந்து வேலை கேட்டு வந்தவர்களை அவர் மாடிப்படியிலேயே மடக்கி, "இங்க வேண்டாமுங்க, வேற நல்ல எடமா பாருங்க" என்று திருப்பி அனுப்பினார்.

அடுத்தது ஓப்பன் சோர்ஸ். நம் கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொள்ளலாம், அதன் நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும் என்றேன்.

"எல்லாரும் பாக்கலாம்னா திருடனும் பாப்பானே அம்மிணி!"

"நம்ம தகவலை இல்ல சார். அது எப்படி வேலை செய்யுதுங்கறதைத்தான். வேணும்னா நாமளே மாத்திக்கலாம்."

அரைமனதாகச் சம்மதித்தார். அந்த மென்பொருளின் திரை மழைக்கால வானம்போல் ஒரே சாம்பல். அதைச் சோதிக்கிறேன் என்று, நாங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கி, "இப்ப கரண்ட் போனா?" என்பார். அதைவிடப் பெரிய பயம் பின்னால் வந்தது. அந்த மென்பொருளை எழுதியவர் எங்கோ ஒரு குளிர் தேசத்துக்காரர். பல மாதமாக இணையத்தில் அவரிடமிருந்து பேச்சுமூச்சே இல்லை. உஷார் சாருக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்தத் தம்பி உசிரோட இருக்கறானா, கேளுங்கம்மிணி."

எழுதிக் கேட்டேன். குழந்தை பிறந்திருக்கிறது, தூங்கியே நாளாயிற்று என்று பதில் வந்தது. உஷார் சார் ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். கொடுத்து முடித்ததும் நெற்றி சுருங்கியது. "தூக்கமில்லாதவன் எழுதினதை எப்படிங்க நம்பறது?"

முதலாளிக்கு மிட்டாய்க் கடைதான் பிடித்தது. அதையே வெள்ளோட்டம் விட்டோம்.

அப்போது நஞ்சன்கூட்டுச் சாலையில் ஒரு கொட்டகை வேலை. மேலே மின்கம்பி போகிறது. மின்சார ஆபீஸில் சொல்லி அதை நிறுத்தின பிறகுதான் ஆள் ஏற வேண்டும். நிறுத்தச் சொல்வது உஷார் சார் வேலை. அன்று காலை என் திரையில் அந்த வேலைக்கான அட்டை பச்சையாக இருந்தது.

"லைனை ஆஃப் பண்ணிட்டாங்களா சார்?"

"நான் இன்னும் சொல்லவே இல்லீங்களே."

உள்ளே வந்த முதலாளி சந்தோஷமாக, "நான்தான் தள்ளிப் பார்த்தேன். எவ்ளோ ஸ்மூத் ஆகி போகுது!" என்றார்.

உஷார் சார் சைட் மேஸ்திரி மாதேஷுக்கு ஃபோன் போட்டார். எடுக்கவில்லை. மின்சார ஆபீஸ் எண்ணோ ஓயாமல் பிஸி. "விடாம அடிச்சுட்டே இருங்க சார்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் நான். ஹெல்மெட் இல்லாமல் அவர் வண்டி ஓட்டியதை அன்று மட்டும்தான் பார்த்தேன். வழி முழுக்க ஃபோனைக் காதில் வைத்திருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஊரில், கௌதள்ளியில் இருக்கும் மாதேஷின் மனைவிக்கு என்ன சொல்வது என்று என் மனம் அதுபாட்டுக்கு வாக்கியம் அமைக்கத் தொடங்கிவிட்டது.

போய்ச் சேர்ந்தபோது மாதேஷ் ஏணியின் உச்சியில் இருந்தான். அவன் தலைக்கு மேலே கம்பி. நான் அலற வாயைத் திறந்தேன். உஷார் சார் என் வாயைப் பொத்தினார். அவன் திடுக்கிட்டுக் கையைத் தூக்கிவிட்டால்? வண்டியை அப்படியே சாயவிட்டு ஏணியடிக்கு நடந்தார். பிறகு, குழந்தையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்:

"மாதேஷா, டீ வந்திருச்சு சாமி. கையை மேல கொண்டுபோகாம மெல்ல எறங்கி வா."

அவன் ஒவ்வொரு படியாக இறங்கினான். கால் தரையைத் தொட்டதும் சுற்றுமுற்றும் பார்த்து, "டீ எங்க சார்?" என்றான்.

உஷார் சார் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஃபோன்ல பச்சை காட்டுச்சே மேடம்" என்று மாதேஷ் என்னிடம் விழித்தான்.

மறுநாள் முதலாளி மிட்டாய்க் கடையைத் தானே மூடினார். இன்னொருவர் நேரில் பார்த்து உறுதி சொன்னால்தான் அட்டை பச்சையாக வேண்டும் என்று கேட்டோம். அந்த வசதி அதன் இலவசத்தில் கிடையாது. சாம்பல் மென்பொருளில் நாமே சேர்க்கலாம். எப்படி என்று, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே எழுதியதாகச் சொல்லி, குளிர் தேசத்து அப்பாவே வழிமுறையை அனுப்பினார். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

உஷார் சார் இப்போது ஓய்வுபெற்று ஈரோட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். காலையில் ஃபோன் வரும்.

"மைசூர்ல மழைன்னாங்களே, யாரும் மேல ஏறலீங்களே அம்மிணி?"

"இல்ல சார், எல்லாரும் கீழதான் இருக்காங்க."

அவர் ஃபோன் வராத நாளில் நானே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன்.