கல்யாண வாசலில் ஒரு சம்பான்

மலாக்காவில் வானத்தைப் பார்த்து மழை சொன்னவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். தண்ணீருக்கே நேரம் குறித்துக் கொடுத்தவர் பாஞ்சிர் சார் ஒருவர்தான். மலாயில் பாஞ்சிர் என்றால் வெள்ளம். அப்பா அம்மா வைத்த பெயர், அவருக்குக் கீழே குமாஸ்தாவாக இருந்த எனக்கே பல நேரம் மறந்துபோகும்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. ஆற்றைக் கவனிக்கும் எங்கள் ஆபீசில் வெள்ளைக்காரத் துரை கப்பலேறிவிட, அந்த நாற்காலியில் இவர் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது ஒரு மரியாதைக்கு. மனிதர் நின்றதெல்லாம் ஆற்றுக்குள். கழுத்தில் டை, முழங்கால் வரை சுருட்டிய காற்சட்டை. பாலத்தூண், கால்வாய் என்று ஓரிடம் பாக்கியில்லாமல் சிவப்பும் வெள்ளையும் அடித்த அளவுகோல்களை நட்டார். காஜா பேராங்கில் எங்கள் வீட்டுச் சாக்கடைக்கும் ஒன்று கிடைத்தது.

"சாக்கடையில அளக்கிறதுக்கு என்ன சார் இருக்கு?" என்றாள் அம்மா.

"ஆறு பொங்கப் போகுதுன்னா உங்க சாக்கடைதாம்மா மொதல்ல சொல்லும்."

அவர் கணக்கு இதுதான். மலைப்பக்கம் பெய்த மழை ஊருக்கு இறங்கிவர நேரமாகும். மேலாற்றில் தண்ணீர் ஏறியது தெரிந்தால், இங்கே எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அது கடல் ஏறும் நேரமாகவும் அமைந்துவிட்டால் ஆற்றுக்குப் போக்கிடமில்லை, தெருவுக்குள் வரும்.

இப்படித்தான் ஒருமுறை மேலாற்றுப் பக்கத்துக் கிராமமான ஒரு கம்பத்திலிருந்து போன் வந்ததும், "நாளைக்குக் காலையில வெள்ளம்!" என்று ஊரையே எழுப்பிவிட்டார். அரிசி மூட்டைகள் மச்சுக்கு ஏறின. கோழிகள் கூரைக்கு ஏறின. மறுநாள் வெயில் மண்டையைப் பிளந்தது.

விசாரித்தால், அந்தக் கம்பத்தில் யாரோ அளவுகோலில் எருமையைக் கட்டியிருக்கிறார்கள். எருமை முதுகு சொறிந்து சொறிந்து கோலைச் சேற்றுக்குள் இறக்கிவிட்டது. கோல் இறங்கியதை, தண்ணீர் ஏறியதாகப் படித்திருக்கிறார்கள். "துரை இருந்தப்ப ஆறு ஒழுங்கா இருந்துச்சு லா" என்று காப்பிக் கடையில் பேசிக்கொண்டார்கள். அந்த ஒரு பேச்சுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. நேராகக் கம்பத்துக்குப் போய், கோலைச் சிமெண்டு போட்டு நட்டுவிட்டு வந்தார்.

அடுத்து வந்தது என் தங்கை கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், செமாபோக்கில். முதல் நாள் சாயங்காலம் பந்தல் போட்டுக்கொண்டிருக்கும்போது பாஞ்சிர் சார் வந்தார்.

"ஐயா, நாளைக்கு மத்தியானம் தெருவுல தண்ணி நிக்கும். மேல நல்ல மழை, கடலும் ஏத்தம். தாலி கட்டுறத காலையிலேயே முடிச்சிருங்க."

"முகூர்த்தம் காலையிலதான் சார். அது சரி, இந்தத் தடவை எத்தனை எருமை?" என்றார் அப்பா. பந்தல் போடுகிறவர்கள் மூங்கிலை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. "நான் ஏற்பாடு பண்ணிக்கிறேன்" என்று போய்விட்டார்.

மறுநாள் காலையில் வாசலில் லோரி வந்து நின்றது. நாலு பேர் ஒரு சம்பான் படகை இறக்கினார்கள். அதைப் பந்தல் வாழைமரத்தில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, காய்ந்த தார் ரோட்டில், டை கட்டிக்கொண்டு, படகுக்குள் ஏறி உட்கார்ந்தார் பாஞ்சிர் சார். வந்த விருந்தாளிகள் முதலில் அவரைப் பார்த்தார்கள். அப்புறம்தான் பொண்ணு மாப்பிள்ளையை. சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எந்த ஊருக்கு சார் போறீங்க?"

"உங்களைத்தான் கொண்டுபோய் விடணும். மெதுவா சாப்பிட்டுட்டு வாங்க."

தாலி ஏறியது. வெயில் அடித்தது. பந்தி விரித்தாகிவிட்டது. அப்பா வாசலுக்குப் போய், "சார், எங்க தண்ணி?" என்றார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "வந்துக்கிட்டிருக்கு" என்றார், பஸ்ஸைச் சொல்வதுபோல.

சாம்பார் பரிமாறும்போது சாக்கடை கொப்பளித்தது. ரசத்துக்கு வாசலில் இருந்த செருப்பெல்லாம் ஊர்வலம் கிளம்பியது. மோருக்கு முழங்கால் தண்ணீர். பந்தியிலிருந்து ஓடிவந்து, எச்சில் கையோடு முதல் ஆளாகச் சம்பானில் ஏறியவர் சம்பந்திதான்.

"பொண்ணு மாப்பிள்ளைக்கு அப்புறம்தான் நீங்க. எறங்குங்க," என்றார் பாஞ்சிர் சார். சம்பந்தி இறங்கினார்.

பட்டுச்சேலையில் என் தங்கை, பக்கத்தில் மாப்பிள்ளை, குடை பிடிக்க நான். பாஞ்சிர் சார் துடுப்புப் போட்டார். விளக்குக் கம்பம் வரும்போதெல்லாம் தங்கை கையில் கோலைக் கொடுத்து, "தண்ணிக்குள்ள விட்டு எவ்ளோன்னு பாரும்மா" என்பார். தாலிக் கயிற்றின் மஞ்சள் காயுமுன்னே அவள் வெள்ளம் அளந்தாள். மேடான பாலத்தடியில் எங்களை இறக்கி, பொண்ணு மாப்பிள்ளையை அந்தப் பக்கம் நின்ற காரில் ஏற்றிவிட்டு, மறுபடி மறுபடி போய்ச் சம்பந்தி வீட்டார் அத்தனை பேரையும் கொண்டுவந்து சேர்த்தார்.

நானும் அவரும் வீடு திரும்பும்போது தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. காலையிலிருந்து அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அம்மா மச்சில் இலை போட்டாள். தெருவெல்லாம் எட்டிப் பார்த்து, "சார், சொன்னபடி வந்திருச்சே!" என்றது. அப்பா எருமையை மறந்து, தாமே பரிமாற உட்கார்ந்தார்.

பாஞ்சிர் சார் எதையும் காதில் வாங்கவில்லை. டையிலிருந்து நீர் சொட்ட என்னிடம் குனிந்து, "பொண்ணோட சேலை நனையலையே?" என்றார்.

சேலைக் கரை முழுக்க நனைந்திருந்தது. "இல்ல சார்," என்றேன்.