அருமைநாயகம் ஹோட்டலில் ஜாவா

திரையில் நாற்பத்தேழாம் எண் தோன்றியது. தோன்றிய இடத்திலேயே நின்றுவிட்டது. நாற்பத்தெட்டுக்கான பரோட்டா மேடையில் ஆறிக்கொண்டிருந்தது. அதற்கு உரியவரோ பரோட்டாவைப் பாராமல் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"சாரே, பின்னையும் நின்னாச்சு," என்று தொலைபேசியில் அறிவித்தார் கடை முதலாளி அருமைநாயகம். "எல்லாரும் எளும்பி நின்னு மெஷினைத்தான் பாக்காவ. ஒருத்தரு அதுக்க தகப்பன் ஆருன்னு வரைக்கும் விசாரிச்சாச்சு."

அதன் தகப்பன் வெங்கடகிருஷ்ணன்தான். கழக்கூட்டம் மென்பொருள் பூங்காவில், ஒரு சிறிய நிறுவனத்தில் ஜாவா மொழியில் நிரல் எழுதுவது அவன் தொழில். பூங்காவின் எதிரே, நெடுஞ்சாலை ஓரத்தில், அருமைநாயகத்தின் சாப்பாட்டுக் கடை. மதிய வேளையில் அங்கே கூடும் கூட்டத்தைச் சமாளிக்க அவன் எழுதிக் கொடுத்த ஏற்பாடு எளிமையானது. கல்லாவில் முதலாளியின் மனைவி தாசம்மாள் ஆர்டரைத் தட்டினால், அடுப்பங்கரைத் திரையில் அது தெரியும். பரோட்டா மாஸ்டர் வீரபாண்டி சமைத்து முடித்துப் பொத்தானை அழுத்தினால், கூடத்துத் திரையில் டோக்கன் எண் ஒளிரும்.

"இப்பவே வரேன் அண்ணாச்சி," என்றான் வெங்கடகிருஷ்ணன்.

"ஐயோ, சார் சிரமப்படண்டாம். அது அங்ஙன நிக்கட்டு. நமக்கு ஒரு புத்திமுட்டும், ஒரு கஷ்டமும் இல்ல."

அந்தக் குரலில் ஒரு மெல்லிய நடுக்கம் இருந்தது. பொங்கி வரும் கோபத்தை மனிதர் எவ்வளவு பண்போடு அடக்குகிறார் என்று வெங்கடகிருஷ்ணன் மனத்துக்குள் வியந்தான். வியப்பு அடங்குமுன் அச்சம் வந்தது. ஏற்பாட்டைக் கடையில் ஓட்டிப் பார்க்கும் சோதனை மாதம் அந்த வாரத்தோடு முடிகிறது, சனிக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து.

அவனுடைய மேலாளர் ஷிஜா, பாறசாலைக்காரி, நேரடியாகவே சொல்லியிருந்தாள்: "வெங்கடா, சனியாழ்ச்சை அவரு ஒப்பிட்டா நீ இவிடே சப்போர்ட்டுக்கு இருக்கலாம். இல்லெங்கில் இந்த ப்ராஜெக்ட் குளோஸ். பெங்களூரு டீம்ல ஆள் கேக்கறாங்க. உன் பேருதான் போகும்."

இதை வீட்டில் சொன்னபோது மனைவி சரோஜம் தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டாள். வங்கி வேலையில் பாலக்காட்டிலேயே மூன்றாண்டு தனியாகக் கிடந்து, போன மாதம்தான் மாற்றலாகிக் கரமனையில் அவனோடு சேர்ந்திருந்தாள்.

"ஏன்னா, கேஸ் கனெக்‌ஷன் நேத்துத்தான் பேர் மாத்தினேன். இனி நான் இங்கே, நீங்க பெங்களூரா? கல்யாணம் ஆனதே மறந்துடும் போல இருக்கே!"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. சின்னக் கோளாறு. சரி பண்ணிடுவேன்."

கோளாறு என்னவென்று அவனுக்கு நன்றாகவே தெரியும். ஜாவா நிரல் ஓடும்போது ஒவ்வோர் ஆர்டருக்கும் நினைவகத்தில் சிறிது இடம் எடுத்துக்கொள்ளும். ஆர்டர் முடிந்தபின் அந்த இடம் எச்சில் இலைபோல அங்கேயே கிடக்கும். இடம் நிறைந்ததும், நிரலை ஓட்டும் அமைப்பு, "எல்லாரும் நில்லுங்கள், கூட்டிப் பெருக்க வேண்டும்," என்று அனைத்தையும் நிறுத்திவிட்டு எச்சில் இலைகளை அள்ளும். அள்ளி முடிந்தபின்தான் மற்ற வேலை நடக்கும். அந்த இடைவெளியில்தான் நாற்பத்தேழு நாற்பத்தேழாகவே நின்றது.

செவ்வாய்க்கிழமை அவன் நினைவகத்தைப் பெரிதாக்கினான். இலை போட இடம் பெரிதானால் அடிக்கடி கூட்ட வேண்டியதில்லை அல்லவா?

அடிக்கடி கூட்டவில்லைதான். ஆனால் ஒரு முறை கூட்டத் தொடங்கினால், பெரிய கல்யாண மண்டபத்தைக் கூட்டுகிற நேரம் பிடித்தது.

"சாரே," என்றார் அருமைநாயகம் அன்று மதியம், "இன்னைக்கு நின்னது ஒரு நிப்பாக்கும் நிப்பு! ஒரு சாயா குடிச்சுத் தீக்கலாம். ஆளுவ மெஷினைப் பாத்து வாய்க்கு வந்ததெல்லாம் ஏசுனாவ. நான் சும்மா கேட்டுட்டு நின்னேன்."

"மன்னிக்கணும் அண்ணாச்சி. நாளைக்குள்ள மாத்திடறேன்."

"எதுக்கு? மாத்தண்டாம்!"

எவ்வளவு குத்தலாகப் பேசுகிறார் என்று வெங்கடகிருஷ்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

புதன்கிழமை அவனுக்கு வேறொரு யோசனை உதித்தது. எச்சிலே விழாமல் செய்துவிட்டால் கூட்டவே வேண்டாமே! வாழை இலைக்குப் பதில் எவர்சில்வர் தட்டு வைத்தால் போதும். ஓர் ஆர்டர் முடிந்ததும் அதன் இடத்தை வீசியெறியாமல், அடுத்த ஆர்டருக்கு அதையே எடுத்துக் கொடுக்கும்படி நிரலை மாற்றினான். நேரில் பார்த்துவிடலாம் என்று கடைக்கும் போனான். மீன் பொரியும் மணத்தில் மூக்கைச் சற்றே தூக்கிக்கொண்டு, ஓரத்து மேசையில் அமர்ந்து, ஒரு சாதா தோசைக்குச் சொன்னான்.

திரை ஓரிடத்தும் நிற்கவில்லை. டோக்கன் எண்கள் ஆற்றுநீர்போல ஓடின. அவன் முகம் மலர்ந்தது.

அப்போது வீரபாண்டி தன் கையாலேயே தட்டைக் கொண்டுவந்து வைத்தான். தோசை இருந்தது. அதன் பக்கத்தில் இரண்டு நெய்மீன் துண்டுகளும், ஒரு கிண்ணம் கோழிக் குழம்பும் இருந்தன.

"என்னப்பா இது! நான் அக்ரஹாரத்து ஆளு!"

"திரையில என்ன வருதோ அதத்தான வைக்க முடியும் சார்? தோசை, நெய்மீன் ரெண்டு, கோழி ஒண்ணுன்னு போட்டிருக்கு. சாருக்கு இன்னைக்குத்தான் நல்ல பசி போலன்னு நெனச்சேன்."

வெங்கடகிருஷ்ணனுக்கு உடனே விளங்கிவிட்டது. தட்டைத் திரும்பப் பயன்படுத்தச் சொன்னவன், இடையில் கழுவச் சொல்ல மறந்துவிட்டான். முன்பு யாரோ தின்ற மீன் இப்போது அவன் கணக்கில் வந்திருந்தது. கூடம் முழுவதும் இதே கூத்து. கஞ்சி கேட்ட முதியவர் முன்னால் நான்கு பரோட்டாக்கள் அடுக்கப்பட்டிருந்தன.

"எந்தா இது? இந்தக் கம்ப்யூட்டருக்குத் தலைக்குச் சுகமில்லையோ?" என்று அவர் திரையை நோக்கிக் கைத்தடியை ஓங்கினார்.

அருமைநாயகம் கல்லாவின் பின்னால் குனிந்துகொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அவமானத்தில் அழுகிறார் என்று எண்ணி, வெங்கடகிருஷ்ணன் பின்வாசல் வழியாக நழுவினான்.

அன்றிரவே நிரலில் தட்டைக் கழுவ வைத்தான். கழுவுவதில் நேரம் போனது. நேரத்தை ஈடுகட்ட, ஒரே சமயத்தில் வேலை பார்க்கும்படி பல இழைகளை ஓடவிட்டான். இழை என்பது நிரலுக்குள் ஓடியாடும் ஒரு பணியாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணியாட்கள் பெருகினால் வேலையும் விரையும். ஆனால் இருவர் ஒரே டோக்கனை ஒரே கணத்தில் கிழித்து, ஆளுக்கு ஒருவரிடம் கொடுத்துவிட்டால்?

"இன்னைக்கு இருபத்தொண்ணாம் நம்பர் ரெண்டு பேருக்கு வந்துது சாரே," என்றார் அருமைநாயகம் வியாழக்கிழமை. "ஒரு கோழிக்கு ரெண்டு பேரும் பிடிவலி. பெறவு ரெண்டு பேரும் சேந்து மெஷினை ஏசுனாவ. போவும்போ தோள்ல கை போட்டுட்டுப் போனாவ."

வெங்கடகிருஷ்ணன் பூட்டுகளைப் போட்டான். நிரலுக்குள் ஆர்டர்கள் பதியும் பலகைக்கு ஒரு பூட்டு, பில்லுக்கு ஒரு பூட்டு. எந்த இழை எதைத் தொட வேண்டுமானாலும் முதலில் அதற்குரிய பூட்டைக் கைப்பற்ற வேண்டும். மற்றவை காத்திருக்க வேண்டும்.

ஒரு காட்டில் அணிலிடம் ஒரு கொட்டையும் குரங்கிடம் ஒரு கல்லும் இருந்தனவாம். கல்லைக் கொடுத்தால் உடைத்துக்கொண்டு பாதி தருகிறேன் என்றது அணில். கொட்டையைக் கொடுத்தால் உடைத்துப் பாதி தருகிறேன் என்றது குரங்கு. கையிலிருப்பதை முதலில் விட இரண்டுக்கும் மனமில்லை. மழை வந்தது, வெயில் வந்தது; இரண்டும் அப்படியே உட்கார்ந்திருந்தன.

வெள்ளிக்கிழமை மதியம் அருமைநாயகம் ஹோட்டலில் அதுதான் நடந்தது. பலகையைப் பூட்டிய இழை பில்லுக்காகக் காத்திருந்தது; பில்லைப் பூட்டிய இழை பலகைக்காகக் காத்திருந்தது. தாசம்மாள் தட்டியது எதுவும் உள்ளே போகவில்லை. வீரபாண்டி அழுத்தியது எதுவும் வெளியே வரவில்லை. பூங்காவின் பாதி மென்பொருள் வல்லுநர்கள் வெறும் தட்டுகளோடு நின்று, மற்றொரு மென்பொருள் வல்லுநனைப் பல மொழிகளில் வாழ்த்தினார்கள். அந்தக் கூட்டத்தில் ஷிஜாவும் இருந்தாள்.

"வெங்கடா," என்றாள் அலுவலகத்துக்குத் திரும்பி வந்ததும், "எனக்கு வெசக்குது, வயித்துல ஒண்ணும் இல்ல. அவருக்கும் மடுத்து வெறுத்துப் போயிருக்கும். பெங்களூருக்கு மெயில் டைப் பண்ணி வெச்சாச்சு."

அந்தப் பிற்பகல் அவன் எழுந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பதறாமல், முதன்முறையாக முழுவதையும் நிதானமாக யோசித்தான். எந்த இழையும் முதலில் பலகை, பிறகுதான் பில் என்று ஒரே வரிசையில் பூட்டைக் கேட்கும்படி எழுதினான். தட்டு, கழுவல் எல்லாவற்றையும் எடுத்தெறிந்தான். அண்மையில் வந்திருந்த ஜாவாப் பதிப்பில், யாரையும் நெடுநேரம் நிறுத்தாமல், மற்றவர் வேலை செய்கையிலேயே ஓரமாகக் கூட்டிக்கொண்டு போகும் முறை ஒன்று இருந்தது, அதை இயக்கினான். மாலையில் ஆயிரம் பொய் ஆர்டர்களை விட்டுப் பார்த்தான். ஒரு நொடி தேங்கவில்லை.

சனிக்கிழமை மதியம் அவனும் ஷிஜாவும் ஒப்பந்தத்தோடு கடையில் அமர்ந்தார்கள். கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. திரை நிற்கவில்லை, மீன் மாறவில்லை, ஒருவருடைய எண் இன்னொருவருக்குப் போகவில்லை. ஷிஜா மேசைக்கடியில் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். கரமனை வீட்டின் அடுக்களை ஒரு கணம் அவன் கண்முன் வந்து போனது.

"சேட்டா!" என்று அப்போது ஒருவர் அருமைநாயகத்தைப் பார்த்துக் கத்தினார். "என் ஆர்டர் அடுக்களைத் திரையில வந்து எத்ர நேரமாச்சு! மெஷின் சரியாத்தான் இருக்கு. உம்ம ஆளுகதான் உறங்குறாங்க!"

"அதே! கடை நடத்தத் தெரியலைன்னா பூட்டிட்டுப் போறது!" என்றார் இன்னொருவர்.

அருமைநாயகம் அங்கும் இங்கும் ஓடினார். மன்னிப்புக் கேட்டார். அப்பளம் இலவசம் என்றார். யாரும் தணியவில்லை. கூட்டம் கலைந்தபின், வேர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்தவர், ஷிஜா நீட்டிய பேனாவை வாங்கினார். பார்த்தார். மேசைமேல் வைத்துவிட்டார்.

"இது வேண்டாம் சாரே."

வெங்கடகிருஷ்ணன் பேனாவை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினான். "அண்ணாச்சி, இன்னிக்கு ஒரு தப்புகூட வரலையே! இனி ஒருக்காலும் நிக்காதே!"

"அதாக்கும் நானும் சொல்லுகது," என்றார் அருமைநாயகம், அழாத குறையாக.

அதுவரை கல்லாவை விட்டு எழாத தாசம்மாள் இப்போது எழுந்து வந்து, சேலைத் தலைப்பால் கணவரின் நெற்றியைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "தம்பி, கடை தொடங்குன நாள்முதலா சோறு பிந்துனா எல்லாரும் இவியளைத்தான் ஏசுவாவ, இந்த ஒரு மாசமாத்தான் மெஷினை ஏசுனாவ, இவியளும் பிரஷர் மாத்திரை இல்லாம ஒறங்குனாவ. நீங்க அந்த வெள்ளியாழ்ச்சை மெஷினைத் திரும்பத் தாருங்க, இப்பவே ஒப்பு வைக்கோம்."